எம்.எம். 540 ஜீப்புக்கு இன்ஜின் தேர்ந்தெடுத்த கணக்கு

கரடுமுரடான பாதைகளுக்கென்று பழைய ஜீப் ஒன்றைத் திருத்தி அமைக்கிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதாகவே இருக்கிறது. கையில் பணம் குறைவாக இருப்பவர் அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என்னிடம் இருப்பது மஹிந்திராவின் எம்.எம். 540. அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது, பிரான்சின் பெஜோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2,112 சிசி டீசல் இன்ஜின். நான் வாங்கியபோது அதன் கிராங்க் ஷாஃப்ட் மேற்கொண்டு கிரைண்டிங் செய்ய இடமில்லாத அளவுக்குத் தேய்ந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல் ஓடியிருந்தது. வேறு இன்ஜின் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதை வைப்பது என்பதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டியிருந்தது. இன்ஜின், கிளட்ச், ரேடியேட்டர், லேத் வேலை, கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது நான் வகுத்துக்கொண்ட எல்லை.

வண்டிக்கான வேலை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அஞ்செட்டிப் பக்கம் உறவினர்களின் மாந்தோப்பும், அதையொட்டிய மேட்டு நிலமும் இருக்கின்றன. செம்மண் பாதை, நடுவில் இரண்டு ஓடைகள், அதன்பின் மண்ணுக்கு வெளியே முதுகு காட்டி நிற்கும் கருங்கல் பாறைகள் என்று பாதை ஏறிக்கொண்டே போகும். பெங்களூரா மாங்காய் இறக்கும் மே, ஜூன் மாதங்களில் கூடைகளோடு அந்தச் சரிவில் இறங்க வேண்டும். சுற்றிலும் இருப்பது காப்புக்காடு. அதற்குள் வண்டியை ஓட்டுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, யானைகள் நடமாடும் காட்டில் அது செய்யவே கூடாத செயல். ஆகவே பட்டா நிலத்துப் பாதையும், அங்கு போய்ச் சேர்வதற்கான தார்ச்சாலையும் மட்டுமே இந்த வண்டிக்கு உரியவை. தார்ச்சாலையில் ஓட வேண்டும் என்ற இந்த ஒரு தேவையே பின்னால் பல இன்ஜின்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இன்ஜின் தேடிப் புறப்படுவதற்கு முன் கியர் கணக்கைப் போட்டேன். பின் ஆக்ஸிலின் மூடியைத் திறந்து எண்ணினால் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தில் 43 பற்கள், அதைச் சுழற்றும் பினியனில் 8 பற்கள்; ஆகவே விகிதம் 5.38. இன்ஜின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சின் விகிதம் 2.46. கியர் பாக்ஸின் முதல் கியரை, இன்புட் ஷாஃப்டில் சாக்பீஸால் குறியிட்டுக் கையால் சுற்றி எண்ணியதில், ஏறத்தாழ 4 வந்தது. மூன்றையும் பெருக்கினால் 53. அதாவது இன்ஜின் 53 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டு, 2.3 மீட்டர் சுற்றளவுள்ள டயரோடு கணக்கிட்டால், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. மனிதர் மெதுவாக நடப்பதைவிடவும் இது குறைவு. பாறைமேல் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவதற்கு இந்த வேகமே போதும். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டிய தேவையே பல இடங்களில் இருக்காது.

அடுத்து இழுவிசை. எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 120 நியூட்டன் மீட்டர். இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் அதை 53 மடங்காக்கி, கியர்களில் வீணாகும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, டயரின் ஆரத்தால் வகுத்தால், சக்கரங்கள் தரையைத் தள்ளும் விசை சுமார் 1,400 கிலோவுக்கு இணையாக வருகிறது. ஆட்களோடும் சுமையோடும் வண்டியின் எடை 1,600 கிலோ என்று கொண்டால், 30 டிகிரி சரிவில் அதை மேலே இழுக்கத் தேவைப்படுவது 800 கிலோ. உருளும் தடையையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். காய்ந்த கருங்கல்லின்மேல் நல்ல டயர் அந்தச் சரிவில் பிடித்து நிற்கக்கூடிய விசையே 1,100 கிலோ அளவில்தான் இருக்கும்; தளர்ந்த மண்ணில் அது பாதியாகிவிடும். ஆக, 60 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும் பழைய இன்ஜினே, லோ ரேஞ்சில், டயரின் பிடிப்பு தாங்குவதைவிட அதிகமான விசையைத் தருகிறது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய இன்ஜினை வைத்தாலும் அந்தக் கூடுதல் விசை சக்கரத்தை வெறுமனே சுழற்றும். சக்கரம் பாறையிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தால் ஆக்ஸில் ஷாஃப்டை முறிக்கும். இந்தக் கணக்கு கைக்கு வந்தபிறகு, குதிரைத்திறனுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவிடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

தார்ச்சாலைக் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். டாப் கியரில் நேரடி இணைப்பு என்பதால் ஆக்ஸில் விகிதம் மட்டுமே நிற்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வண்டி மணிக்கு 77 கிலோமீட்டர் போகும்; 2,500 சுற்றில் 64. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடையூறில்லாமல் போக முதல் எண் தேவை. எனவே எனக்கு வேண்டியது, 800 சுற்றில் அணையாமல் இழுக்கவும், 3,000 சுற்றில் மணிக்கணக்காக வலியில்லாமல் ஓடவும் தெரிந்த இன்ஜின்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, இந்தப் பகுதியில் ஜீப்புகளில் ஏற்றப்படும் இன்ஜின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மஹிந்திராவின் எம்.டி.ஐ. 2,523 சிசி டீசலுக்கு இங்கே பெரும் மதிப்பு உண்டு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் இன்ஜினின் வழிவந்தது என்பதால் உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. பாலக்கோடு, அரூர் போன்ற ஊர்களின் டிராக்டர் கடைகளிலேயே விசாரிக்கலாம். எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் குளிரிலும் ஹீட்டர் பிளக் இல்லாமல் கிளம்பும். டீசலும் குறைவாகக் குடிக்கும். குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும் குணத்துக்காக அதை எடுத்திருக்கலாம். ஆனால் அதன் இயல்பான இருப்பிடம் குறைந்த சுற்றுதான். என் ஆக்ஸில் விகிதத்தோடு நெடுஞ்சாலையில் அதை 3,000 சுற்றில் ஓட்டிக்கொண்டே இருப்பது அதற்கும் நல்லதில்லை, உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லதில்லை. எடையும் அதிகம். முன் ஆக்ஸில்மேல் விழும் கூடுதல் எடை, சேற்றில் வண்டியின் மூக்கைத் தாழ்த்தும். தோப்புக்குள்ளேயே கிடக்கப்போகும் வண்டியாக இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் இதையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

டெம்போ டிராக்ஸ் வண்டிகளில் வந்த, மெர்சிடிஸ் உரிமத்தில் தயாரான ஓ.எம். 616 இன்ஜின் 2.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது. உழைப்பில் அதற்கு ஈடு சொல்வது கடினம். அம்பாசடர் காரில் வந்த இசுசு 2 லிட்டர் டீசல் எடை குறைந்தது, ஓட்டம் மென்மையானது. குவாலிஸின் 2,446 சிசி டொயோட்டா இன்ஜினின் அமைதியை ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மூன்றுமே நல்ல இன்ஜின்கள். மூன்றுக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு: எதுவும் என் கியர் பாக்ஸோடு நேராகப் பொருந்தாது.

பொருந்தாத இன்ஜினைப் பொருத்துவதற்கு, அதையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் என்ற தகட்டைச் செய்ய வேண்டும். ஓசூர் சிப்காட்டை ஒட்டியுள்ள லேத், மில்லிங் பட்டறைகளில் இதைத் திறமையாகச் செய்து கொடுப்பார்கள், அதில் குறையில்லை. ஆனால் துளைகள் பொருந்தினால் மட்டும் போதாது. கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் நிற்க வேண்டும். டயல் கேஜை பிளைவீலில் பொருத்தி, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிவர அளந்து பார்த்துத்தான் இதை உறுதி செய்ய முடியும். அளக்காமல் பூட்டினால் சில மாதங்களில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விட்டுப்போகும். இன்புட் ஷாஃப்ட் பேரிங் கத்தத் தொடங்கும். இதைத் தவிர இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்குக்குப் புஷ் கடைய வேண்டும், கிளட்ச் பிளேட்டின் பற்கள் கியர் பாக்ஸுக்கும் பிரஷர் பிளேட் பிளைவீலுக்கும் பொருந்தும்படி கலந்து தேட வேண்டும், ஸ்டார்ட்டர் மோட்டார் வந்து உட்கார இடம் பார்க்க வேண்டும், சேஸிஸில் புதிய மவுண்ட் வெல்டிங் செய்ய வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை பேசும்போது எவரும் அதைப் பார்ப்பதில்லை. பின்சக்கரம் மட்டும் இயங்கும் கார்களுக்கும் வேன்களுக்கும் வடிவமைக்கப்பட்ட இன்ஜின்களின் சம்ப், கீழே முன் ஆக்ஸிலின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் ஒன்று மேலெழுந்து வரும் என்பதை எண்ணிச் செய்யப்பட்டதில்லை. ஃபோர் வீல் ஜீப்பில், முன் ஸ்பிரிங் பட்டை முழுவதும் அமுங்கும்போது டிஃபரன்ஷியல் சம்ப்பை இடிக்கும். அதைத் தவிர்க்கச் சம்ப்பை வெட்டி ஒட்டினால் ஆயில் உறிஞ்சும் குழாயின் இடமும் மாறுகிறது. வண்டி 30 டிகிரி ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிற்கும்போது ஆயில் முழுவதும் பின்னால் ஓடிவிடும். குழாயின் வாய் முன்னால் இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், மெயின் பேரிங்குகள் அங்கேயே உருகும். எங்கள் பட்டறை மேஸ்திரி இதைத்தான் சுருக்கமாகச் சொன்னார்: “தம்பி, இன்ஜின் இருபத்தஞ்சாயிரத்துக்குக் கெடைக்கும். அது வண்டியில போய் உக்கார இன்னொரு அறுவதாயிரம் கேக்கும். அந்தக் கணக்கையும் இப்பவே எழுதிக்க.” “சரிங்கண்ணே” என்று எழுதிக்கொண்டேன். நான் விசாரித்துச் சேர்த்த தொகைகளும் அவர் சொன்னதற்கு வெகுதொலைவில் இல்லை.

2010இல் வந்த தார் வண்டியின் 2.5 லிட்டர் சி.ஆர்.டி.இ. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் இன்ஜின் 105 குதிரைத்திறனும் 247 நியூட்டன் மீட்டரும் தரும் என்பதால் இளைஞர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். அதற்கு ஈ.சி.யு. என்ற கணினிப் பெட்டி, சென்சார்கள், முழு வயரிங், உயர் அழுத்த பம்ப் என்று ஒரு குடும்பமே கூட வர வேண்டும். ஓடைக்குள் ஒரு சென்சாரின் கனெக்டரில் தண்ணீர் புகுந்தால் வண்டி அங்கேயே நிற்கும்; அஞ்செட்டி மேட்டில் ஸ்கேனர் வைத்திருப்பவர் யாருமில்லை. பழைய மெக்கானிகல் பம்ப் இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால், டீசலை நிறுத்தும் ஸ்டாப் சோலனாய்டுக்குப் போகும் ஒரு வயரைத் தவிர வேறு மின்சாரம் எதையும் கேட்காது. மேலும் 120 நியூட்டன் மீட்டருக்குப் பழகிய கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் அதன் இருமடங்கை லோ ரேஞ்சில் எத்தனை நாள் தாங்கும்? ஜிப்ஸியின் 1,298 சிசி பெட்ரோல் இன்ஜினையும் ஒருவர் பரிந்துரைத்தார். எடை குறைவு என்பது உண்மை; ஆனால் அது இழுப்பதற்கு அதிகச் சுற்று கேட்கும், எரிபொருளையே மாற்றுவதால் சட்டச் சிக்கலும் கூடும்.

உண்மையில் என்னை மிகவும் ஈர்த்தது எக்ஸ்.டி. 3பி. அதே பெஜோ குடும்பம், 94 மி.மீ. சிலிண்டர் விட்டம் (போர்), 90 மி.மீ. பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்), 2,498 சிசி. முதலில் வந்த பொலிரோக்களில் இருந்தது இதுதான். எம்.எம். 540 வைத்திருக்கும் பலர் இதைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். பொருத்துவதில் பெரிய தலைவலி இல்லை, இழுவையும் கூடும். என்னைத் தடுத்தது சட்டம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. என் சான்றிதழில் இருப்பது 2,112 சிசி. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டி என்பதால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் பார்க்கும். மேலே போட்ட கணக்கின்படி எனக்குத் தேவைப்படாத 386 சிசிக்காக இந்தச் சுமையை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே இன்னொரு எக்ஸ்.டி.பி. 4.90 இன்ஜினையே தேடி எடுத்தேன். அதே தயாரிப்பு, அதே வகை. மாறுவது எண் மட்டும். அதையும் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, ஆய்வாளர் நேரில் பார்வையிட்டபின் சான்றிதழில் ஏற்றிக்கொண்டேன். இதற்கு, இன்ஜின் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அந்த வண்டியின் பதிவு ரத்தான ஆவணமும் விற்பனை ரசீதும் அவசியம். பெங்களூருவிலும் சென்னை புதுப்பேட்டையிலும் விலை குறைவாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். காகிதம் கேட்டால் பேச்சு மாறியது. காகிதமில்லாத இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்கக் கூடாது. சேலம் பக்கம் உடைப்புக்கு வந்த, ஆவணங்கள் முறையாக இருந்த ஒரு ஜீப்பிலிருந்து எனக்கு இது கிடைத்தது.

வாங்குமுன் செய்த சோதனைகளைச் சற்று விரிவாக எழுதுகிறேன். முதல் நிபந்தனை, நாம் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்திருந்தால், தேய்ந்த இன்ஜினும் ஒரே சுற்றில் கிளம்பிக் காட்டும். கிளம்பியவுடன் வரும் வெண்புகை சிறிது நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறையாமல் நின்றால் கம்ப்ரஷன் குறைவு அல்லது ஒரு ஹீட்டர் பிளக் வேலை செய்யவில்லை. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வாயில் வைத்தால், ரிங் நன்றாக உள்ள இன்ஜினில் அது மெல்ல நடுங்கும். தேய்ந்ததில் துள்ளி விழும். நன்கு சூடானபின் ஐடிலிங்கில் ஆயில் பிரஷரைத் தனி மீட்டர் பொருத்திப் பார்க்க வேண்டும், டேஷ்போர்டு விளக்கை நம்பக் கூடாது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையிலேயே திறந்துவைத்துக் கிளப்பி, தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்த்தேன். வந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது என்று பொருள். இந்த இன்ஜினின் ஹெட் அலுமினியத்தாலானது, ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் வளைந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை வேறெதையும்விட முக்கியமாகக் கருதினேன்.

எல்லாவற்றிலும் தேறிய போதிலும் இன்ஜினைத் திறந்துதான் பொருத்தினோம். எக்ஸ்.டி.பி. 4.90இல் சிலிண்டரின் உட்சுவர், தண்ணீர் சுற்றிவரும் தனிக் குழலான வெட் லைனர் என்பதால் பிளாக்கைக் கடைந்து பெரிதாக்க வேண்டியதில்லை. லைனரும் பிஸ்டனும் செட்டாகவே மாற்றலாம், இது பணம் குறைந்தவர்களுக்குப் பெரிய வசதி. லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட நூலிழை அளவு உயர்ந்து நிற்க வேண்டும்; நான்கு லைனர்களிலும் டயல் கேஜால் அளந்து, ஹெட்டை மட்டம் பார்த்து, புது கேஸ்கெட் போட்டு, டார்க் ரெஞ்சால் வரிசைப்படி முடுக்கினோம். பம்பையும் நாசில்களையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்துச் சரிபார்த்தோம். கியர் பாக்ஸோடு இணைக்க அரைநாள்கூட ஆகவில்லை. அதே பெல் ஹவுசிங், அதே மவுண்ட், அதே சம்ப்.

மிச்சமான பணத்தின் பெரும்பகுதியைக் குளிர்விப்பதற்குச் செலவிட்டேன். முன்னறையில் எரிபொருளை எரிக்கும் இவ்வகை இன்ஜின், நேரடியாக எரிக்கும் இன்ஜினைவிட அதிக வெப்பத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். ஏப்ரல் வெயிலில், லோ ரேஞ்சில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று என்ற ஒன்றே கிடையாது. ஃபேன் இழுப்பது மட்டுமே காற்று. எனவே நான்கு வரிசைச் செம்புக் கோர் போட்டு ரேடியேட்டரைப் புதுப்பித்து, ஃபேனைச் சுற்றித் தகட்டு உறை செய்து பொருத்தினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இங்குள்ள பட்டறைகளில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை, புதிதாகவே போட்டேன். குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜினில் லைனர் விரைவாகத் தேயும். 0.9 பார் அழுத்த மூடி தண்ணீரின் கொதிநிலையை 118 டிகிரிக்கு மேல் கொண்டுபோகும் என்பதால், தேய்ந்த பழைய மூடியையும் மாற்றினேன். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் உப்பும் ஃபுளூரைடும் அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் காவிரி நீரைக் குடிநீராகக் கொண்டுவந்தார்கள். மனிதரின் பல்லில் கறை ஏற்றும் நீர் ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றினேன்.

மொத்தச் செலவில் இன்ஜினின் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. லைனர் செட், பேரிங்குகள், பம்ப் வேலை ஆகியவை ஏறக்குறைய அதே அளவு. மீதி, ரேடியேட்டருக்கும் கிளட்சுக்கும் கூலிக்கும் போனது. ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கி, இரண்டு நல்ல டயர்களுக்கும் பணம் நின்றது. தோப்புப் பாதையில் மாங்காய்க் கூடைகளோடு ஏறி இறங்கியதில் வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. பாறைமேல் ஏறும் இடத்தில், கணக்குச் சொன்னபடியே, இன்ஜின் அணைவதற்கு முன் டயர் வழுக்குகிறது. அங்கே டயரின் காற்றைக் குறைத்தால் ஏறிவிடுகிறது. முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்த்தாகிவிட்டது. அடுத்து முன் ஆக்ஸிலின் நக்கிள் சீல்களை மாற்ற வேண்டும். இடப்பக்கச் சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் கசியத் தொடங்கியிருக்கிறது.